முளையிலே தெரியாதது

(சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசகர் வட்டக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“வீட்டுக்குள் பழமரம், விதையிலிருந்து” என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். அழைப்பிதழைப் பார்த்ததும் என் மனைவி சிரித்துவிட்டாள். காரணம் இருக்கிறது. எங்கள் கூடத்து ஜன்னலோரம் பதினோரு வருஷமாக ஒரு மாங்கன்று நிற்கிறது. உயரம் மூன்றரை அடி. இன்று வரை ஒரு பூங்கொத்து கிடையாது. “பேச்சுக்கு அதையும் கூட்டிக்கொண்டு போங்கள், சாட்சிக்கு ஆகும்” என்றாள். (சிரிப்பு) தூக்கி வர முடியவில்லை, தொட்டி கனம். ஆனால் இன்று நான் சொல்லப் போகிற எல்லாவற்றுக்கும் அதுதான் சாட்சி.

“விளையும் பயிர் முளையிலே தெரியும்” என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். கவனித்துப் பாருங்கள், பயிர் என்றுதான் சொன்னார்கள். மரம் என்று சொல்லவில்லை. நெல் நாற்றைப் பார்த்து விளைச்சலைச் சொல்லிவிடலாம். பழமரத்து விதை முளைவிடும்போது அதில் தெரியாத சங்கதி மூன்று: தகப்பன் யார், ஆணா பெண்ணா, எந்த வயதில் காய்க்கும். இந்த மூன்றும் தெரியாமல்தான் நாம் ஆசையாக விதை போடுகிறோம். முதலில் இவற்றைப் பார்ப்போம். பிறகு நம் வீட்டில் இல்லாத நாலாவது ஒன்றுக்கு வருவோம்.

முதலில் தகப்பன்.

பங்கனபள்ளிக் கொட்டையைப் போட்டால் பங்கனபள்ளி வருமா என்று இங்கே வந்ததும் ஓர் அம்மா கேட்டார்கள். வராதம்மா. பழத்தின் சதை முழுக்கத் தாய்மரத்துடையது. ஆனால் கொட்டைக்குள் இருக்கிற கருவில் பாதி தாய், பாதி தகப்பன். பூத்த காலத்தில் பக்கத்துத் தோப்பிலிருந்து ஈ எந்த மரத்து மகரந்தத்தைக் காலில் ஒட்டிக்கொண்டு வந்ததோ, அந்த மரம் தகப்பன். பங்கனபள்ளி, மல்கோவா, நீலம், அல்போன்சா எல்லாமே இந்த வகை. கொட்டைக்கு ஒரு கரு, கருவுக்கு இரண்டு பெற்றோர். பிறக்கிற பிள்ளை தாயைப் போலவும் இருக்கலாம், நாரும் புளிப்புமாகவும் இருக்கலாம்.

அபூர்வமாகத் தாயை மிஞ்சியும் பிறக்கும். 1889-இல் இந்தியாவிலிருந்து அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு மாங்கன்றுகள் போயின. அவற்றில் ஒன்றை ‘மல்கோபா’ என்று எழுதினார்கள். அதன் கொட்டைகளைக் கேப்டன் ஜான் ஹேடன் என்பவர் 1902-இல் தன் வீட்டில் விதைத்தார். மறு வருஷமே காலமானார். அவர் மனைவி ஃபுளோரன்ஸ் கன்றுகளைக் காப்பாற்றினார். 1910-இல் ஒரு மரம் காய்த்தது. மஞ்சளும் சிவப்புமாகக் கண்ணைப் பறிக்கிற பழம். ‘ஹேடன்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இன்று வெளிநாட்டுக் கடைகளில் கிடைக்கிற சிவந்த மாம்பழங்கள் பலவற்றுக்கு அதுதான் பாட்டி. போட்டவர் ருசி பார்க்கவில்லை. தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள். ஹேடனுக்குப் பார்க்கவும் கொடுத்து வைக்கவில்லை.

இன்னொரு கதை, இது நம் கூட்டத்துக்கே உரியது, ஏனென்றால் பூந்தொட்டியில் தொடங்குகிறது. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம்ஷயரில் சவுத்வெல் என்று ஒரு சிற்றூர். 1809-இல் அங்கே மேரி ஆன் பிரைல்ஸ்ஃபோர்டு என்ற இளம்பெண் ஆப்பிள் விதைகளைத் தொட்டியில் ஊன்றி வைத்தாள். முளைத்ததைப் பிறகு தோட்டத்தில் மாற்றி நட்டாள். கல்யாணமாகி வேறு வீடு போனாள். 1846-இல் அந்த வீட்டை மேத்யூ பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரர் வாங்கினார். பத்து வருஷம் கழித்து மெரிவெதர் என்ற நாற்றங்கால்காரர் வந்து, “இந்த மரத்தில் குச்சி எடுத்து ஒட்டுக் கட்டிக்கொள்கிறேன்” என்று கேட்டார். “எடுத்துக்கொள், ஆனால் பழத்துக்கு என் பெயர் வைக்க வேண்டும்” என்றார் பிராம்லி. இன்று இங்கிலாந்தில் சமையல் ஆப்பிள் என்றால் பிராம்லிதான். விதை போட்ட பெண் 1852-இலேயே இறந்துவிட்டாள். தொட்டியில் அவள் ஊன்றியது நாட்டுக்கே பழமானது அவளுக்குத் தெரியவே தெரியாது.

இந்த இரண்டு கதையையும் கேட்டுவிட்டு நாளைக்கே எல்லோரும் விதையைப் பொறுக்கக் கூடாது. இவை பரிசு விழுந்த சீட்டுகள். விழாத சீட்டுகளுக்கு யாரும் கதை எழுதுவதில்லை. எங்கள் வீட்டு ஜன்னலோரத்தில் நிற்பது போல அவை எத்தனையோ!

ஆனால் தாயை அச்சாக உரித்து வைக்கிற விதைகளும் உண்டு. நான் பிறந்தது தென்காசிச் சீமை. புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைதான் சோறு போடும் பயிர். எங்கள் பெரியப்பா நாற்றங்கால் வைத்திருந்தார். நல்ல மரத்துப் பழமாகப் பார்த்துப் பறித்து, விதையைக் கழுவி, நிழலில் ஈரம் போக ஆற்றி, அன்றைக்கோ மறுநாளோ பாத்தியில் போட்டுவிடுவார். ஒரு விதையிலிருந்து இரண்டு, சில சமயம் மூன்று முளை வரும். நாற்றைப் பிடுங்கி நடும்போது ஒரே சீராக இருப்பவற்றை வைத்துக்கொண்டு, சவலையையும் வழக்கத்துக்கு மாறாக இலை விட்டதையும் தூர எறிவார். “ஏன் பெரியப்பா, அதுவும் உயிர்தானே?” என்று கேட்டால், “அது நம்ம சாதி இல்லடா, கலப்பு” என்பார். அவர் பேசியது எலுமிச்சைச் சாதியைத்தான். (சிரிப்பு)

பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத மனிதர் சொன்னது அத்தனையும் உண்மை என்று எனக்குக் கல்லூரியில்தான் விளங்கியது. ஆரஞ்சு விதைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் இருப்பதை டச்சுக்காரர் லேவன்ஹூக் 1719-இலேயே கவனித்திருக்கிறார். பாடப்புத்தகத்தில் இதற்குப் பல்கருநிலை என்று பெயர். எலுமிச்சை, ஆரஞ்சு விதைக்குள் மகரந்தச் சேர்க்கையால் உண்டான கரு ஒன்று இருக்கும். அதைச் சுற்றித் தாயின் சூல்திசுவிலிருந்தே கிளம்பிய கருக்கள் சில இருக்கும். இந்தப் பின்னவை தகப்பனே இல்லாத பிள்ளைகள், தாயின் அச்சு. பெரும்பாலும் இவைதான் திடமாக, ஒன்றுபோல வளரும். பெரியப்பா எறிந்தது பெரும்பாலும் தகப்பன் உள்ள பிள்ளையை. பம்ப்ளிமாஸுக்கு இந்த வித்தை தெரியாது. அதில் விதைக்கு ஒரு கருதான்.

மாவிலும் இப்படிச் சில உண்டு. கேரளக் கரையின் ஓளூர், சந்திரக்காரன், குருக்கன், ஈழத்துப் பெயர் தாங்கிய வெள்ளைக் கொழும்பான் எல்லாம் பல்கரு வகை. கொட்டையைப் போட்டால் பெரும்பாலும் தாய் வரும். ஆகவே விதை போடுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தப் பழம் எந்தக் கூட்டம் என்பது.

அடுத்தது, ஆணா பெண்ணா.

பப்பாளியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு ரகங்கள் பலவற்றில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. பூக்கிற வரை கண்டுபிடிக்க வழியில்லை. அதனால்தான் தோட்டக்காரர்கள் குழிக்கு இரண்டு மூன்று கன்று வைத்து, பூத்த பிறகு வேண்டாததைப் பிடுங்குகிறார்கள். நாம் பால்கனியில் ஒன்றே ஒன்று வைத்து, அது ஆணாகப் போய்விட்டால் நீளக் காம்பில் பூவைத் தொங்கவிட்டு நிற்கும். அவ்வளவுதான்.

உலகத்திலேயே மிக நீண்ட காத்திருப்புக்குப் பிறகு இந்த ஏமாற்றம் நேர்ந்தது இஸ்ரேலில். சாக்கடல் ஓரத்து மசாடா கோட்டையை 1960-களில் தோண்டியபோது பேரீச்சங்கொட்டைகள் கிடைத்தன. ஏறக்குறைய 2,000 வருஷத்துப் பழையவை. 2005-இல் எலேன் சோலோவே என்ற தாவர ஆராய்ச்சியாளர் அவற்றில் சிலவற்றைத் தொட்டியில் ஊன்றினார். ஒன்று முளைத்தது! மெதூசலா என்று பெயர் வைத்து, கண்ணாக வளர்த்தார்கள். சில வருஷம் கழித்துப் பூத்தது. ஆண். பிறகு அதே வட்டாரத்தின் வேறு பழைய கொட்டைகளிலிருந்து பெண் கன்றும் முளைத்து, ஹன்னா என்ற அந்தப் பெண்ணுக்கு மெதூசலாவின் மகரந்தம் தூவி, 2020-இல் பழம் பறித்தார்கள். ஆக, உலர்ந்து கிடந்தாலும் உயிரைப் பிடித்து வைத்திருக்கிற சாதி பேரீச்சை. மாவும் பலாவும் வெண்ணெய்ப் பழமும் அப்படி இல்லை, காய்ந்தால் செத்துவிடும். பலாக்கொட்டையைச் சாமி மாடத்தில் மூன்று மாதம் வைத்துவிட்டு, “சார், முளைக்கவில்லையே” என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழம் சாப்பிட்ட கை காய்வதற்குள் கொட்டை மண்ணுக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, வயது.

மரத்துக்கும் பிள்ளைப் பருவம் உண்டு. அந்தப் பருவத்தில் என்ன உரம் போட்டாலும் பூக்காது. எலுமிச்சை, ஆரஞ்சுக் கன்றுகளில் நீள நீள முள் இருந்தால், இன்னும் சின்னப் பிள்ளை என்று அர்த்தம். விதைக்கன்று நல்ல நிலத்தில், நல்ல வெயிலில் நின்றாலே எலுமிச்சைக்கு மூன்று நாலு வருஷம் ஆகலாம். மாவுக்கு ஐந்திலிருந்து எட்டு. ஒட்டுக்கன்று இரண்டு மூன்று வருஷத்தில் காய்க்கிறதே என்பீர்கள். அதில் இருக்கிற குச்சி ஏற்கெனவே காய்த்த மரத்துக் கிளை. உடம்பு புதிது, வயது பழையது. நர்சரிக்காரர் செய்யும் வேலை அதுதான்: பிள்ளையின் வேர் மேல் பெரியவரின் கிளையை உட்கார வைப்பது.

இப்போது நாலாவது. இது விதையில் இல்லாத குறை, வீட்டில் இருக்கிற குறை: வெயில்.

உச்சி வெயிலில் திறந்த வெளியில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் வெளிச்சம் விழுகிறது. மேகம் மூடிய பகலில்கூடப் பத்தாயிரம் அளவில் இருக்கும். நம் கூடத்தின் நடுவில்? இருநூறு, முந்நூறு. நேர் வெயில் விழாத ஜன்னலை ஒட்டி வைத்தால் ஆயிரம், இரண்டாயிரம். நம் கண் கெட்டிக்காரக் கண். பாப்பாவை விரித்துக்கொண்டு, “நல்ல வெளிச்சம்தானே” என்று நம்மை நம்ப வைத்துவிடும். இலைக்கு அந்த வசதி இல்லை. விழுகிற வெளிச்சத்துக்குத் தக்கபடிதான் அது சமைக்க முடியும். குறைவாகச் சமைத்தால் உயிர் பிழைத்துக் கிடக்கலாம். பூத்துக் காய்க்க மிச்சம் இருக்காது. என் மாங்கன்று பதினோரு வருஷம் செய்தது அதைத்தான். உண்டது உயிருக்கே சரியாகப் போயிற்று.

பழமரத்தை வீட்டுக்குள் வளர்ப்பதைப் பெரிய கலையாகச் செய்தவர்கள் ஐரோப்பிய அரசர்கள். பிரான்ஸில் வெர்சாய் அரண்மனையில் பதினாலாம் லூயிக்காக 1684-இலிருந்து 1686-க்குள் ஓர் ஆரஞ்சு மாளிகை கட்டினார்கள். தெற்குப் பார்த்த உயரமான ஜன்னல்கள், கனமான சுவர். பனிக்காலத்தில் ஆரஞ்சு மரங்கள் அதற்குள் இருக்கும். ஆனால் மரங்கள் நின்றது மரப்பெட்டிகளில். ஏன் தெரியுமா? கோடை பிறந்ததும் வெளியே எடுத்து வைப்பதற்கு. அரசன் வீடானாலும் மரத்தை வருஷம் முழுக்க உள்ளே வைத்திருக்கவில்லை. பனி பெய்கிற தேசத்தில் உயிரைக் காப்பாற்ற உள்ளே கொண்டுபோனார்கள். உறைபனியே இல்லாத சென்னையில் நாம் எதற்காக உள்ளே வைக்கிறோம்? இடம் இல்லை என்பதால். அந்தக் காரணம் நமக்குப் புரியும், மரத்துக்குப் புரியாது.

அப்படியானால் விதையே போட வேண்டாமா? அது இல்லை நான் சொல்வது. போடுங்கள். எப்படிப் போடுவது என்று சொல்கிறேன்.

வீட்டில் பழமே பார்க்க வேண்டும் என்றால் எலுமிச்சையைத் தேர்ந்தெடுங்கள். நாலைந்து மணி நேரமாவது நேர் வெயில் விழுகிற பால்கனி வேண்டும். விதைக்கன்றுக்காகக் காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் ஒட்டுக்கன்றோ பதியனோ வாங்குங்கள். அதில் ஒரு குற்றமும் இல்லை. உள்ளே தேனீ வராத இடத்தில் கொய்யாவோ மாதுளையோ பூத்தால், பிள்ளைகளின் ஓவியத் தூரிகையால் பூவுக்குப் பூ மகரந்தத்தைத் தடவிவிடுங்கள்.

மாங்கொட்டை போடுகிறவர்கள் மேல் ஓட்டைக் கத்தரியால் ஓரமாக நறுக்கி, உள்ளிருக்கும் பருப்பை எடுத்து, வளைந்த முதுகு மேலே பார்க்கும்படி ஊன்றுங்கள். பப்பாளி விதையை மூடியிருக்கும் வழவழப்பான தோலைச் சாம்பல் சேர்த்துக் கசக்கி எடுத்த பிறகு போடுங்கள். அந்தத் தோல் முளைப்பைத் தடுக்கும். செம்மண், மணல், மண்புழு உரம் சம அளவு போதும். தொட்டி ஆழமாக இருக்கட்டும். ஆணிவேர் கீழே போகிற ஆசையோடு பிறக்கிறது. விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

இந்தத் தண்ணீர் விஷயத்தில் நான் செய்த கொலை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாங்கன்றுக்கு முன்னால் ஒன்று இருந்தது. அதில் முதன்முதலாகத் துளிர் வந்தது. செம்பு நிறம். துணி காயப் போட்டதுபோல் இலையெல்லாம் துவண்டு கீழே தொங்கியது. முப்பத்து நாலு வருஷம் தாவரவியல் நடத்தியவன் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலை அவசரத்தில், வாடுகிறது என்று நினைத்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். மறுநாளும் தொங்கியது, மறுநாளும் ஊற்றினேன். மாந்துளிர் பிறப்பதே அப்படித்தான். சிவந்து, தளர்ந்து தொங்கி, இரண்டு மூன்று வாரத்தில் தானே நிமிர்ந்து பச்சையாகும். நான் பொறுக்கவில்லை, வேர் அழுகிவிட்டது. தொட்டியைக் கவிழ்த்தபோது சாக்கடை வாடை வந்தது. வாட்டத்துக்கும் இளமைக்கும் வித்தியாசம் தெரியாமல் ஊற்றிய தண்ணீர் அது.

இன்னும் இரண்டு சொல்லி விட்டுவிடுகிறேன். தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டில் தண்ணீர் நின்றால் வாரம் பத்து நாளில் ஏடிஸ் கொசு பறக்கும். டெங்கு நம் வீட்டிலேயே உற்பத்தியாகும். தட்டை இரண்டு நாளுக்கு ஒரு தடவை கவிழ்த்துத் தேய்த்து வையுங்கள். அடுத்தது, வீட்டுக்குள் காற்று அசைப்பதில்லை என்பதால் தண்டு நெடுநெடுவென்று சோனியாக வளரும். தினமும் ஒரு நிமிஷம் தண்டை மெல்ல அசைத்துவிடுங்கள். தொட்டு அசைத்த செடி குட்டையாகவும் திடமாகவும் வளர்வதை மார்க் ஜாஃபே என்ற தாவரவியலாளர் 1973-இல் எழுதிக் காட்டினார். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுங்கள். கூடவே இலைக்கு அடியில் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியிருக்கிறதா என்றும் அது பார்த்துவிடும்.

இப்போது முடிவுக்கு வருகிறேன். இத்தனை வருஷத்தில் நான் கண்ட உண்மை ஒன்றுதான்: வீடு பழமரத்துக்கு நாற்றங்கால். தோப்பு இல்லை. விதை முளைக்க வெயில் வேண்டாம். ஈரமும் சூடும் நம் கண்பார்வையும் போதும். ஆடு கடிக்காமல், வெள்ளத்தில் போகாமல், முதல் ஒன்றரை இரண்டு வருஷம் ஒரு கன்றைக் காப்பாற்ற வீட்டைவிட நல்ல இடம் இல்லை. மேரி ஆன் செய்தது அதுதான்: தொட்டியில் முளைக்க விட்டாள், பிறகு மண்ணுக்கு அனுப்பினாள். அனுப்பாமல் ஜன்னலிலேயே வைத்திருந்தால் பிராம்லி ஆப்பிள் இல்லை.

நான் அனுப்பவில்லை. போன மாதம் என் மாங்கன்றைத் தொட்டியிலிருந்து உருவிப் பார்த்தேன். ஆணிவேர் அடித்தட்டைத் தொட்டு, போக இடமில்லாமல், கிணற்றுக் கயிறுபோல் நாலைந்து சுற்றுச் சுற்றியிருக்கிறது. ஊரில் என் தம்பியின் நிலத்தில் குழி எடுத்தாகிவிட்டது. சுற்றிய வேரை வெட்டித்தான் நட வேண்டும். பிழைக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. ஒன்பது வருஷம் முன்னால் போயிருந்தால் சொல்லியிருப்பேன்.

உங்களுக்கு அந்தத் தாமதம் வேண்டாம். இன்று ராத்திரி வீட்டுக்குப் போய் மாம்பழம் சாப்பிடுவீர்கள். கொட்டையை எறியாதீர்கள், ஒரு தொட்டியில் ஊன்றுங்கள். ஊன்றிய அன்றே தொட்டியின் மேல் தேதியை எழுதுங்கள். அதற்குக் கீழே, இரண்டு வருஷம் கழித்து இந்தக் கன்று போகப் போகிற இடத்தையும் எழுதுங்கள்: மாமனார் ஊரோ, பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடமோ, கோயில் நந்தவனமோ. எழுத இடம் ஒன்றும் தோன்றவில்லை என்றால், அதைத் தேடுவதுதான் விதை போடுவதற்கு முந்தின வேலை.